ஷாகிருக்கு விற்ற மாவு

திபேரியா,
9 டிசம்பர் 1947

அன்புள்ள அக்கா எஸ்திரேயாவுக்குத் தம்பி ரஹமீம் எழுதுவது.

இங்கே நான், லூனா, மகன் ஷப்தை மூவரும் தேவன் புண்ணியத்தில் சுகம். இஸ்தான்புல் குளிரில் உன் முழங்கால் என்ன சொல்கிறது? மோயிஸ் அத்தானின் பொத்தான் கடை நன்றாக ஓடுகிறதா? என் இருமல் அப்படியேதான் இருக்கிறது. ரொட்டி சுடுகிறவனுக்கு மாவு இருமல் வராவிட்டால்தான் அதிசயம் என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். நான் இருமினால் பக்கத்து வீட்டு ஷாகிர் அண்ணன் படகிலிருந்தபடியே, "ரஹமீம் அடுப்பு மூட்டிட்டான்டா, கிளம்பலாம்" என்று தன் ஆட்களுக்குக் குரல் கொடுப்பார். ஊருக்கே அது கடிகாரமாகிவிட்டது.

வானொலியில் கேட்டிருப்பாய். இந்தத் தேசத்தை இரண்டாகப் பிரித்து அரபுக்காரர்களுக்கு ஒரு பாதி, யூதர்கள் நமக்கு ஒரு பாதி என்று கொடுக்க உலகத்தார் கைதூக்கிவிட்டார்கள். பையன்கள் தெருவில் கைகோத்து ஆடினார்கள். மறைப்பானேன், நானும் ஆடினேன். அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

மறுநாள் காலை ஷாகிர் அண்ணன் வழக்கம்போல ரொட்டிக்கு வந்தார்.

"ஏம்பா ரஹமீம், ஏரிய யாருக்குக் குடுத்திருக்காங்க?"

"நமக்குத்தான் அண்ணே."

"நமக்குன்னா?"

நான் ரொட்டியைச் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். அவரே சிரித்துவிட்டு, "சரி விடு, மீனுங்ககிட்ட நான் சொல்லிடறேன்" என்றார். எப்போதும் நின்று ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறவர், அன்றைக்குக் குடிக்கவில்லை.

இன்னொரு செய்தி. ஷப்தைக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. மல்கா, தையல்கார எஸ்ராவின் மகள். ஆனால் எஸ்ரா பிடிவாதமாக இருக்கிறான். தனியாக ஒரு வீடு இல்லாமல் பெண்ணை அனுப்ப மாட்டானாம். நம் வீட்டில் இருப்பது இரண்டு அறையும் ஓர் அடுப்பும் மாவறையும். புதுப்பெண்ணை மாவு மூட்டைமேலா படுக்கவைப்பது? இந்த ஊரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உன் கையை முத்தமிடும் தம்பி,
ரஹமீம்


இஸ்தான்புல்,
4 ஜனவரி 1948

என் செல்லத் தம்பி ரஹமீமுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு ஓய்வுநாள்தோறும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் படியேறும்போது மட்டும் சண்டை போடுகிறது. நாங்கள் குடியிருப்பதோ நாலாவது மாடி.

ஆடினாயா? உன் உடம்பை வைத்துக்கொண்டா? பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே எனக்கு. இங்கே ஜெப ஆலயத்தில் எல்லோரும் அழுதார்கள். அத்தானும் அழுதார். சலோனிக்காவிலிருந்து ஜெர்மன்காரர்கள் கொண்டுபோன அவருடைய அக்காள் குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பது உனக்குத் தெரியும். "அப்பவே ஒரு மூலையில நமக்குன்னு ஒரு கதவு திறந்திருந்தா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

ஷாகிர் கேட்டானே, "நமக்குன்னா?" என்று. நீ என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்கும் அகப்படவில்லை. அம்மா என்னைப் பெற்றுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குப் பால் கொடுத்தவள் அவன் அம்மா. அவர்கள் முறைப்படி நானும் அவனும் உடன்பிறப்பு. ஊரில் வெள்ளம் வந்தபோது நம் அம்மாவை முதுகில் சுமந்து தன் மாடிக்கு ஏற்றியவனும் அவன்தான். அவனிடம் ஜாக்கிரதையாகப் பேசு. ஜாக்கிரதையாக என்றால் பயந்து அல்ல, புரிகிறதா?

வீட்டுக்கு நான் வழி சொல்கிறேன். ஷாகிரின் மாடியறை சும்மாதானே கிடக்கிறது? வாடகைக்குக் கேள். நம் தெருவிலேயே ஏரியைப் பார்த்த ஜன்னல் அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன் நான் அதில் உட்கார்ந்தபடி போகிற வருகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் குறை கண்டுபிடித்தேன். கடைசியில் பொத்தான்காரர் வந்தார்.

இத்துடன் காபிப் பொட்டலமும், ஷாகிர் மனைவி நஜீபாவுக்கு ஒரு நீலத் தலைத்துணியும் அனுப்புகிறேன். லூனா எடுத்துக்கொள்ளப் போகிறாள், பார்த்துக்கொள்.

அன்புடன் அக்கா,
எஸ்திரேயா


திபேரியா,
6 ஏப்ரல் 1948

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்றே எழுதுகிறேன். இருமல் கொஞ்சம் அதிகம், தெருவெல்லாம் மணல் மூட்டை அடுக்குகிறார்கள், அந்தத் தூசி.

போன மாதம் சந்தையில் சுட்டுக்கொண்டார்கள். பிறகு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். நம் தெருவின் இரண்டு முனையிலும் இப்போது துப்பாக்கியோடு பையன்கள் நிற்கிறார்கள். ஒரு முனையில் நம் பையன்கள், மறு முனையில் வெளியூரிலிருந்து வந்த அரபுப் பையன்கள். அவர்களை ஷாகிர் அண்ணனுக்கே அடையாளம் தெரியவில்லை. நடுவில் நாங்கள் ரொட்டி சுடுகிறோம், அவர் வலை காயப்போடுகிறார்.

மாடியறையைக் கேட்டேன். "உன் பையன் எனக்கும் பையன்தானேடா. பாஸ்கா பண்டிகை முடியட்டும், சுண்ணாம்பு அடிச்சுத் தர்றேன்" என்றார். லூனா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். நீலத் துணி நஜீபாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, பயப்படாதே.

இந்த வருஷம் மாவை முன்கூட்டியே விற்றுவிட்டேன். நீ ஊரைவிட்டுப் போய் இத்தனை வருஷமாகியும் இதை மறந்திருக்க மாட்டாய். பாஸ்கா நாட்களில் புளிக்கக்கூடிய மாவு எதுவும் நம் உடைமையில் இருக்கக் கூடாது. நாமோ ரொட்டிக் கடைக்காரர்கள், மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர்கள். ஆகவே அப்பா காலத்தில் ஷாகிரின் அப்பாவுக்கு விற்றோம், இப்போது ஷாகிருக்கு. பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம். வழக்கமாகப் பண்டிகைக்கு முந்தைய நாள்தான் விற்போம். ஆனால் அன்றைக்குத் தெருவைக் கடக்க முடியுமோ முடியாதோ என்று எனக்குப் பயம். "இவ்வளவு அவசரம் எதுக்கு?" என்று நம் ஜெப ஆலயத்து ரபி முகம் சுளித்தார். நான்தான் வற்புறுத்தினேன்.

ரபி எப்போதும்போல என்னைக் கேட்டார்: "இந்த இடம் உன்னோடதுதானா, ரஹமீம்?" மாவோடு அது இருக்கிற இடத்தையும் சேர்த்து விற்க வேண்டும் அல்லவா? "என்னோடதுதான்" என்றேன். ஷாகிர் அண்ணன் ஒரு வெள்ளிக்காசு கொடுத்தார். நான் மாவறைச் சாவியைக் கொடுத்தேன்.

பிறகு அவர் வருஷாவருஷம் சொல்லும் அதே கேலியைச் சொன்னார்: "திருப்பித் தரமாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" ரபியும் வருஷாவருஷம் சொல்லும் பதிலைச் சொன்னார்: "உன் மாவு, உன் இஷ்டம்."

இந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை.

பண்டிகை முடிகிற மாலை நஜீபா சுடச்சுட முதல் ரொட்டி கொண்டுவருவாளே, அதை நினைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறேன்.

தம்பி,
ரஹமீம்


இஸ்தான்புல்,
27 ஏப்ரல் 1948

தம்பி,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். பத்திரிகையில் திபேரியா என்ற பெயரைப் பார்த்ததும் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. அரபுக் குடும்பங்கள் எல்லாம் ஊரைவிட்டு வண்டியேறிப் போய்விட்டன என்று நாலே வரி போட்டிருந்தான். எல்லாம் என்றால் ஷாகிருமா? எங்கே போனான்? யார் போகச் சொன்னது? உங்களில் யாருக்காவது அடிபட்டதா?

ஒரே ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா


இஸ்தான்புல்,
20 மே 1948

தம்பி ரஹமீம்,

நாடு பிறந்துவிட்டது என்கிறார்கள். இங்கே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். வாழ்த்துகள். அந்த நாட்டில் என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தபால் போகாது என்று தபால்காரர் சொன்னார். போகாவிட்டால் போகட்டும், நான் எழுதுவதை யார் தடுப்பது?

எஸ்திரேயா


திபேரியா,
18 ஜூன் 1948

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக இப்போதுதான் வந்தன. உறைமேல் நம் சொந்தத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன், அத்தானிடம் காட்டு.

என்ன எழுதுவது? ஏப்ரலில் சண்டை தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. விறகு இல்லாமல் அடுப்பு மூட்டவே முடியவில்லை. லூனாவின் அக்காள் மகன் நிசிம் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை. பத்தொன்பது வயது. பிறகு ஒருநாள் காலையில் வெள்ளைக்காரர்கள் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரபுக்காரர்கள் ஏறிப் போனார்கள். ஷாகிர் அண்ணனும் போனார். வீட்டுச் சாவியை லூனாவிடம் கொடுத்தாராம். நான் அந்த நேரம் அடுப்படியில் வேலையாக இருந்தேன்.

அவர் வீடு பத்திரமாக இருக்கிறது. காலி வீடுகளைப் பூட்டு உடைத்துச் சூறையாடுகிறார்கள், நம் ஆட்கள்தான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதனால் அவர் வாசலில் கரியால் என் பெயரை எழுதிவைத்தேன். காவலுக்காகத்தான். பெயர்தானே.

எனக்கு இப்போது பெரிய தலைவலி மாவு. மாவறைச் சாவி அண்ணனோடு போய்விட்டது. அவர் திரும்ப விற்காமல் மாவு எனக்குச் சொந்தமாகாது. ரபியிடம் ஓடினேன். அவர் சொன்னார்: "விற்பனை செல்லும்னா அது அவனோட மாவு, தொட்டா திருட்டு. செல்லாதுன்னு நீ சொன்னா, பாஸ்கா முழுக்க அது உன் வீட்டுல இருந்ததுன்னு ஆயிடும், எந்த யூதனும் வாயில வைக்கக் கூடாது. எந்தப் பக்கம் போனாலும் உனக்குச் சுவர்தான்." ஊரில் மாவுக்குத் தட்டுப்பாடு. பூட்டை உடை என்று கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். "இது ஷாகிருடையது, நான் தொடமாட்டேன்" என்று வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். தெருவில் என்னை இப்போது நீதிமான் என்கிறார்கள்.

இருமல் பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி?

ரஹமீம்


இஸ்தான்புல்,
15 ஜூலை 1948

தம்பிக்கு,

நீ உயிரோடு இருப்பதே போதும் என்று முதல் நாள் நினைத்தேன். நிசிமை நினைத்து லூனாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அவளிடம் கொடு. என் முழங்காலை விடு.

மறுநாள் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். விறகில்லாமல் அடுப்பே மூட்டவில்லை என்று மேலே எழுதியிருக்கிறாய். ஷாகிர் போனபோது அடுப்படியில் வேலையாக இருந்தேன் என்று கீழே எழுதியிருக்கிறாய். எரியாத அடுப்பில் உனக்கு என்ன வேலை?

நீ அவனைப் பார்த்தாயா, இல்லையா? அவன் என்ன சொன்னான்? பிள்ளைகள் கூட இருந்தார்களா? கையில் எதை எடுத்துக்கொண்டு போனான்? மாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறவனுக்கு இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

கரியால் எழுதிய பெயரை அழித்துவிடு, அல்லது அதற்குப் பக்கத்தில் அவன் பெயரையும் எழுது.

அத்தானிடம் பொத்தான் வாங்கும் பெய்ரூத் வியாபாரி ஒருவர் இருக்கிறார். ஷாகிரைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


திபேரியா,
28 அக்டோபர் 1948

அன்புள்ள அக்கா எஸ்திரேயாவுக்கு,

நம் யூதப் புத்தாண்டு வாழ்த்துகள். இந்த வருஷம் நம் எல்லோருக்கும் இனிப்பாக இருக்கட்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஷப்தை கல்யாண வேலை, பிறகு பண்டிகைகள், நேரமே கிடைக்கவில்லை. ஆம், கல்யாணம் முடிந்துவிட்டது! போரின் நடுவில் உனக்குச் சொல்லி அனுப்ப வழியில்லாமல் போயிற்று. எஸ்ரா கடைசியில் இறங்கி வந்தான். மல்கா நல்ல பெண், வாயாடி, உன்னைப் போல. மாடியில் ஏரிக்காற்று இருப்பதால் இந்தக் கோடையிலும் அவளுக்குத் தலைவலி வரவில்லை என்று லூனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் மழைக்கு முன்... பார், எதையோ எழுத வந்து எங்கோ போகிறேன்.

நீ கேட்டிருந்தவற்றை இன்னொரு சமயம் சாவகாசமாக எழுதுகிறேன்.

மாவறையிலிருந்து வாடை வர ஆரம்பித்துவிட்டது. கதவிடுக்கில் பூச்சி ஊர்கிறது. என்றாலும் நான் தொடவில்லை, மற்றவர்களையும் தொட விடவில்லை. மூட்டை மூட்டையாக ஒரு மனிதனின் சொத்து என் சுவருக்குப் பின்னால் கெட்டுப்போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை அக்கா. பெய்ரூத்காரருக்கு விலாசம் கிடைத்ததா? ஷாகிர் அண்ணன் "திரும்ப விற்றேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும் என்று ரபி சொல்கிறார். பணம் எவ்வளவு கேட்டாலும் அனுப்புகிறேன். அடுத்த பாஸ்காவுக்குள் இது தீர வேண்டும். தயவுசெய்து கண்டுபிடி.

இருமல் இருக்கிறது.

தம்பி,
ரஹமீம்


இஸ்தான்புல்,
21 நவம்பர் 1948

ரஹமீம்,

மல்காவுக்கு என் ஆசீர்வாதம். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை, அவள் குழந்தை.

நம் தெருவில் ஏரிக்காற்று வரும் மாடி எது என்று என்னிடமா மறைக்கப் பார்க்கிறாய்? அந்த ஜன்னல் விளிம்பில் என் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறிவைத்திருக்கிறேன். உன் மருமகளைத் தடவிப் பார்க்கச் சொல்.

வாடகைக்குக் கேள் என்று சொன்னது நானேதான். வாடகை என்றால் கேட்பவனும் வேண்டும், கொடுப்பவனும் வேண்டும் தம்பி.

மாவைத் தொட இவ்வளவு பயப்படுகிறாயே, வீட்டைத் தொட ஏன் பயமில்லை? மாவுக்கு ரபி இருக்கிறார், வீட்டுக்கு யாரும் இல்லை என்றா?

சலோனிக்காவில் அத்தானின் அக்காள் வீட்டில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். போன வருஷம் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நல்ல மனிதர்களாம், காபி கொடுத்தார்களாம். அதைக் கேட்ட அன்று அத்தான் சாப்பிடவில்லை. உன் கடிதத்தை இம்முறை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

ஷாகிர் கிடைத்துவிட்டான். யோர்தானுக்குக் கிழக்கே உம் கைஸ் என்ற ஊரில் இருக்கிறான். உன் மாவு விஷயத்தை அவனுக்கு எழுதியிருக்கிறேன். மாடி விஷயத்தை எழுதவில்லை. என்னால் முடியவில்லை. அதை நீ எழுது.

எஸ்திரேயா


உம் கைஸ்,
12 ஜனவரி 1949

அன்புத் தங்கை எஸ்திரேயாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் கண்டு நஜீபா அழுதாள், பிறகு உன் நீலத் துணியால்தான் கண்ணைத் துடைத்தாள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சின்னவன் காய்ச்சலில் இருந்து தேறிவிட்டான். ஒரு மாட்டுக்கொட்டகையைத் தடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். குளிர் அதிகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ரஹமீமின் இருமல் எப்படி இருக்கிறது?

இந்த ஊர் மலைமேல் இருக்கிறது. மேட்டில் நின்றால் கீழே ஏரி முழுக்கத் தெரிகிறது, அக்கரையில் நம் ஊரும் தெரிகிறது. பொழுது சாய்ந்தால் விளக்குகள் தெரியும். எது எந்த வீடு என்று இத்தனை தூரத்தில் சொல்ல முடியாது. பிள்ளைகள் சண்டை போடுவார்கள், "அதுதான் நம்ம வீடு, இல்ல அதுதான்" என்று. நஜீபா அதட்டுவாள்: "நம்ம வீட்டுல ஏதுடா விளக்கு? ரஹமீம் மாமா பூட்டி வெச்சிருக்காங்க. இருட்டா இருக்கறதுதான் நம்ம வீடு." அதன் பிறகு எல்லோரும் இருட்டான இடமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

ரஹமீம் நீதிமான், மாவைத் தொடவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும், தொடமாட்டான்.

ஒன்று சொல்கிறேன், அவனைத் திட்டாதே. வண்டிகள் வந்த அன்று காலை நான் அவன் கடைக் கதவைத் தட்டினேன். சாவி கொடுக்க அல்ல. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள், எனக்கோ கால் நகரவில்லை. அவனிடம் ஒன்று கேட்க நினைத்தேன்: "ரஹமீம், நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" இரு அண்ணே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளைகளை இறக்கியிருப்பேன். லூனாதான் கதவை ஒரு கை அளவுக்குத் திறந்தாள். "அவர் இல்ல அண்ணே" என்றாள். உள்ளே அவன் இருமினான். அடக்கி அடக்கி இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தானே நான் இருபது வருஷம் படகை இறக்கினேன்? சாவியை அவள் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாவு விஷயத்துக்கு வருகிறேன். திரும்ப விற்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, பணத்துக்காகவும் இல்லை. என் வீடு எனக்கு உண்டா என்று இங்கே வருகிற அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. படகு போய்விட்டது. ஆனால் ரஹமீமின் ரபி என்னிடம் சொன்னார், உன் மாவு, உன் இஷ்டம் என்று. அந்த ஊரில் உங்கள் சட்டப்படியே எனக்கென்று ஓர் அறை இருக்கிறது, அதன் சாவி என் கழுத்தில் தொங்குகிறது. அதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் திபேரியாக்காரன் என்று எதை வைத்துச் சொல்வேன்?

பூச்சி பிடித்தால் பிடிக்கட்டும். வந்து நானே கூட்டி அள்ளுகிறேன்.

ரஹமீமுக்கு என் அன்பைச் சொல். ஷப்தைக்கு மாடியறையில் சுண்ணாம்பு அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அது என் நினைவில் இருக்கிறது என்று சொல்.

உன் பால்குடி அண்ணன்,
ஷாகிர்


திபேரியா,
20 மார்ச் 1949

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ அனுப்பிய ஷாகிர் அண்ணன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. லூனா படிக்கக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவருக்குப் பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன். நலம், நலமறிய ஆவல் என்பதற்குமேல் பேனா நகரவில்லை.

போன வாரம் அரசாங்க ஆள் ஒருவர் சிவப்புச் சாய டப்பாவோடு வந்தார். ஊரைவிட்டுப் போனவர்களின் சொத்துக்கு அடையாளம் போடுகிறார்கள். ஷாகிர் அண்ணன் வாசலில் என் பெயரைப் பார்த்தார். கரி அழியாமல் இருக்க ஷப்தை அதன்மேல் எண்ணெய்ச் சாயம் பூசியிருக்கிறான்.

"இது உங்க வீடா?"

ஷப்தை முந்திக்கொண்டான். "பேர் போட்டிருக்கே, தெரியலையா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு இருமல் வந்துவிட்டது. நான் தலையாட்டியதாக நினைத்துக்கொண்டு அவர் நகர்ந்துவிட்டார். மல்கா மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது ஏழாவது மாதம்.

அடுத்தது மாவறை. "இதுவும் உங்களோடதுதானே?"

"இல்ல. இது ஷாகிருது. முறைப்படி வித்துட்டேன். ரபி சாட்சி."

"அப்பா!" என்று ஷப்தை கத்தினான்.

"அந்த ஷாகிர் எங்க இருக்கார்?" என்றார் அந்த ஆள்.

"அக்கரையில."

"அப்ப இது ஆளில்லாத சொத்து" என்று கதவில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். அன்றைக்கே பூட்டை உடைத்தார்கள். மாவு முழுக்கக் கறுத்துப் புழுவாக இருந்தது. அள்ளி ஏரியில் கொட்டினார்கள். மீன்கள் கரைவரை வந்தன. இப்போது அந்த அறையில் ருமேனியாவிலிருந்து கப்பலில் வந்த ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். அவர்கள் பட்டதைக் கேட்டால் நீ அழுவாய். நான் தினம் ஒரு ரொட்டி கொடுக்கிறேன். எங்கள் பக்கத்துச் சுவரில் இருந்த கதவை அவர்கள் உள்ளே இருந்து அடைத்துவிட்டார்கள். எனக்கு அதில் கேட்க என்ன உரிமை?

அக்கா, அடுத்த மாதம் பாஸ்கா. மாவு மூட்டைகளை இப்போது ஷாகிர் அண்ணன் வீட்டுக் கீழறையில்தான் அடுக்கியிருக்கிறேன், வேறு இடமில்லை. விற்பதற்கு ஊரில் ஆளும் இல்லை. தெருத்தெருவாக யோசித்துப் பார்த்தேன், நம்மவர் அல்லாத ஒருவர்கூட மிச்சமில்லை. நாசரேத்தில் இருந்து அரபுக்காரர் ஒருவரை ராணுவ அனுமதி வாங்கிக் கூட்டிவரப் போகிறார்களாம். எல்லோருடைய மாவையும் அவரே வாங்குவார். பொழுது சாய்வதற்குள் அவர் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். பண்டிகை முடிகிற மாலை அவர் ரொட்டி கொண்டுவருவாரா என்று லூனா கேட்டாள்.

மாவோடு இடத்தையும் விற்க வேண்டும். ரபி என்னைக் கேட்பார், எப்போதும் கேட்பதுதான்: "இந்த இடம் உன்னோடதுதானா, ரஹமீம்?" அரசாங்க ஆளிடம் தப்பித்ததுபோல அவரிடம் தப்பிக்க முடியாது. வேதப் புத்தகம் மேஜைமேல் இருக்கும். நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஆமென்றால் அது பொய். இல்லையென்றால் அந்த ஆள் சாய டப்பாவோடு மறுநாளே வந்து நிற்பார். மல்காவை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அன்றைக்கு எனக்கு இருமல் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போது கேட்டுக்கொள் அக்கா. இல்லை, வரட்டும் என்றே கேட்டுக்கொள். எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. மருமகள் மாடியில் விளக்கேற்றிவிட்டாள். ஜன்னலைச் சாத்தச் சொல்லலாம் என்று எழுந்தேன். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி,
ரஹமீம்